அக்காவுக்குத் தலை சுற்றவில்லை

ஊஞ்சலைப் பார்த்தாலே தலை சுற்றுகிற பிறவி அவள். சின்ன வயதில் ராட்டினம் ஏறி, முதல் சுற்றிலேயே கீழே நின்றவர்கள் மேல் வாந்தி எடுத்து, மூன்று தெருவிலும் பேர் வாங்கியவள். நாற்பது வயதுவரை அதை ஒரு குறை என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குச் சம்பளம் கொடுக்கவும் ஆள் இருக்கிறது என்று யார் கண்டது?

மெய்நிகர் ஹெட்செட் செய்கிற அலுவலகம். மூன்றாம் மாடியில் சோதனை அறை, ஒரு சுழல் நாற்காலி, பக்கத்தில் நீல பிளாஸ்டிக் வாளி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அதில் தெரிகிற இல்லாத தெருவில் நடந்து, எத்தனையாவது நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று அவள் சொல்ல வேண்டும். நாலு நிமிடத்திலேயே வாளியைத் தேடினாள் என்றால் பொறியாளர்கள் பாடு திண்டாட்டம். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து. அவர்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. "அக்கா என்ன சொன்னாங்க?" என்பதுதான் அந்த மாடியில் கடைசிப் பேச்சு. வீட்டில் அவள் வாய்ச்சொல்லுக்கு இந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

அந்த ஹெட்செட் சனியனோ ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் கிழியும். எடை குறைய வேண்டும் என்று பேட்டரியைச் சின்னதாக்கினார்கள். அரை மணியில் அணைந்தது. பெரிதாக்கினார்கள்; மூக்குத்தண்டில் பள்ளம் விழுந்தது. படத்தைப் பளிச்சென்று ஆக்கினார்கள், நெற்றி வெந்தது. சூட்டைத் தணிக்க விசிறி வைத்தார்கள். காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் இரைந்தது. இதற்கெல்லாம் மேலே, தலையைத் திருப்பினால் படம் ஒரு நொடியில் துளிப்பங்கு பிந்தித் திரும்பும். வயிற்றைப் புரட்டுவது அதுதான். அதைச் சரிசெய்ய வேகமான சிப் போட்டால், திரும்பவும் சூடு. அவள் பார்த்தே இரண்டு வருடமாக இதே கூத்து.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா மாட்டினாள். நாலு நிமிடம் போனது. பத்து போனது. இருபதிலும் அந்த இல்லாத தெருவில் அவள் ஒய்யாரமாக நடந்துகொண்டிருந்தாள். கழற்றியபோது அறையே கைதட்டியது.

"ஜெயிச்சுட்டோம் அக்கா!" என்று பேட்டரி பார்க்கிற பொறியாளர் வாளியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். நல்லவேளை, காலி வாளி. தலைமைப் பொறியாளர் பலகையில் 'அடுத்த மாதம் விற்பனை' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்.

அக்காவுக்கு மட்டும் மனம் ஒட்டவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அலமாரியைத் திறந்தாள். போன வருடம் மூன்றே நிமிடத்தில் தன்னைக் கவிழ்த்த பழைய ஹெட்செட்டை எடுத்து மாட்டினாள். இருபது நிமிடம். ஒன்றுமே இல்லை, ஓர் ஏப்பம்கூட வரவில்லை.

பகீரென்றது. ஹெட்செட் தேறவில்லை, இவள்தான் தேறிவிட்டாள். தினமும் மாட்டி மாட்டி உடம்பு பழகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டால், தலை சுற்றாத அக்கா இந்த மாடிக்கு எதற்கு? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் இதை ஆசையாக வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீட்டில் பக்கத்தில் வாளி வைத்திருக்க மாட்டார்களே என்று நினைத்ததும் எழுந்துவிட்டாள்.

"சார், இது சரியாகல. எனக்குப் பழகிடுச்சு."

தலைமைப் பொறியாளர் சிரித்தார். "எனக்கும்தான் சுத்தல அக்கா."

"நீங்க முதல்ல எப்ப மாட்டினீங்க?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"அப்புறம் உங்களுக்கு என்னத்த சுத்தும்? இந்த மாடியில இருக்கிற ஒருத்தருக்கும் இனிமே சுத்தாது சார்." பழைய ஹெட்செட்டை மேஜைமேல் வைத்தாள். "இதுலயும் இருபது நிமிஷம் இருந்துட்டுத்தான் வரேன்."

அவர் சிரிப்பு நின்றது. பிறகு எழுந்து பலகையை அழித்தார்.

"நாளையிலருந்து நீங்க மாட்ட வேண்டாம் அக்கா."

அவள் தலையாட்டிவிட்டுக் கதவுப் பக்கம் போனாள்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு தடவைகூட இதை மாட்டாதவங்க வேணும். சட்டுனு தலை சுத்தணும். பழகுறதுக்குள்ள ஆளை மாத்திக்கிட்டே இருக்கணும். அப்படிப்பட்டவங்களை நான் எங்க போய்த் தேடுறது?"

அக்கா சட்டென்று திரும்பினாள். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க அம்மா வழியில பதினொரு பேரு சார். எல்லாரும் என்னை மாதிரிதான். நான் கூட்டிட்டு வரேன். ஆனா அவங்களைப் பக்கத்துல நின்னு பாத்துக்கிறது நானாத்தான் இருக்கணும்."

"வேற யாரால முடியும்?" என்றார் அவர்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றேகாலுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பஸ் ஒத்துக்கொள்ளாது, லிஃப்டும் ஒத்துக்கொள்ளாது என்று அத்தனை பேரும் நடந்தே வந்து, மூன்று மாடி ஏறியிருந்தார்கள். முதலில் சித்தி உட்கார்ந்தாள். அக்கா ஹெட்செட்டை மாட்டிவிட்டுக் கையில் நோட்டோடு பக்கத்தில் நின்றாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"கழட்டுடி இதை!" என்று சித்தி அலறினாள்.

பொறியாளர்கள் முகம் தொங்கிவிட்டது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.