சாப்பிட்டால்தான் கப்பலில் ஏற்றுவார்கள்

போன வருடம் மழை விட்டு, கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த நேரம். போர்ட் பிளேயரில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடையில் கிரைண்டரை விட என் வாய்தான் அதிக நேரம் ஓடுகிறது என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. ஆதாரம் நிறைய இருப்பதால் நான் மறுப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ பூஜையோ எதுவானாலும் என்னைக் கூப்பிடுவார்கள். மொய்க்காக அல்ல, கூத்துக்காக. அதிலும் கப்பல் ஹாரனை வாயாலேயே ஊதுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஒருமுறை கப்பல் ஏறும் துறையான ஜெட்டியில் சும்மா ஊதிப் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்து அவர்கள் திட்டியது பாதி இந்தி, பாதி வங்காளி. புரியாத பாதிதான் மோசமாக இருந்திருக்க வேண்டும்.

என் பிறந்த நாள் வந்தது. "வருஷா வருஷம் ஏற்கெனவே தொப்பை இருக்கிறவங்களுக்கே சாப்பாடு போடுறீங்க. இந்தத் தடவை ஹோம் பிள்ளைங்களுக்குக் கொடுப்போமே" என்றாள் மனைவி. ஊருக்கு வெளியே மேட்டில் ஒரு தர்ம இல்லம் இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாத, உடலிலோ புத்தியிலோ குறையோடு பிறந்த பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். போன் செய்து கேட்டதில், காரம் வேண்டாம், மீன் முள் வேண்டாம், சோறு குழைவாக இருக்கட்டும் என்றார்கள். சாம்பார் சாதம், தயிர் சாதம், பாயசம் என்று முடிவானது.

நான் என் பங்குக்குக் காகிதத் தொப்பியும், மூக்கில் சிவப்புப் பந்துமாகக் கிளம்பினேன். ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாபி, பாய்சாப்கா தபியத் டீக் ஹை நா?" என்று, எனக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என என் மனைவியிடம் விசாரித்தார். "பிறவியிலேயே இப்படித்தான்" என்று அவளும் இந்தியில் பதில் சொன்னாள்.

கூடத்தில் சில பிள்ளைகள் சக்கர நாற்காலியில், சிலர் பாயில். என்னைக் கண்டதும் எல்லோரும் ஆர்ப்பரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். படுத்திருந்த ஒரு குழந்தை என்னையும் மின்விசிறியையும் மாறி மாறிப் பார்த்தது. மின்விசிறி ஜெயித்தது. ஒரு பையன் என் மூக்கைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்து, ருசி இல்லையென்று திருப்பிக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் கூடம் கலகலப்பானது. நம்மால் முடியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்கு ஏறிவிட்டது.

ஜன்னலோரம் ஒரு சிறுமி மட்டும் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பத்து வயது இருக்கும், பார்த்தால் ஆறு சொல்லலாம். பேச்சு கிடையாது, ஆனால் சொன்னால் புரிந்துகொள்வாள். இல்லத்து ஆயாம்மா ஒரு கவளத்தை வாயருகே கொண்டுபோக, அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மரங்களுக்கு நடுவே ஒரு துண்டு கடல் தெரிந்தது.

"என்னம்மா, என் பொண்டாட்டி சமையல் பிடிக்கலையாமா? பிடிக்கலைன்னு காட்டிக்கிற தைரியம் இந்தப் பிள்ளைக்காவது இருக்கே" என்றேன்.

ஆயாம்மா சிரிக்கவில்லை. லிட்டில் அந்தமான் தீவில் இருக்கும் ஹட் பே ஊர்க்காரர். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களாம்.

"நீங்க வேற, அண்ணே. ஊட்டி விடுறவ போயிட்டா."

அவர் சொல்லித்தான் தெரிந்தது. இதே இல்லத்தில் காது கேளாத ஒரு பெரிய பெண் இருந்திருக்கிறாள். அவளுக்கும் புத்தி வளர்ச்சி கொஞ்சம் கம்மி. இந்தச் சின்னவள் கைக்குழந்தையாக வந்த நாளிலிருந்து குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டி விட்டதெல்லாம் அவள்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. அவளுக்கு வயது தாண்டிவிட்டது. இனி குழந்தைகள் இல்லத்தில் வைத்திருக்க முடியாது. மெயின்லேண்டில் பெரியவர்களுக்கான ஒரு இல்லத்தில் இடம் கிடைக்கவே, கப்பலில் அனுப்பிவிட்டார்கள். பாவம் என்று சின்னவளையும் வழியனுப்ப ஜெட்டிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

"அன்னிக்கிலேருந்து ஒரு நாளைக்கு நாலு வாய்தான், அதுவும் பால். டாக்டர் சாப் சொல்லிட்டாரு, இப்படியே போனா மூக்குல டியூப் போட்டு ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணுமாம். இந்த உடம்பு அதைத் தாங்குமா அண்ணே?"

"போன்ல காட்டிப் பார்க்கலையா?"

"காட்டினோம். முகத்தைப் பார்த்துட்டு, போனைத் திருப்பித் திருப்பிப் பின்னாடி தேடினா. அப்புறம் போனைக் கண்டாலே தள்ளி விட்டுடுறா."

விவரம் தெரிந்தவன் அந்த இடத்தில் சும்மா இருந்திருப்பான். நான் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவார்கள். தீவுக்காரர்களான எங்களுக்கு அது கப்பல்தான். கவளம் கப்பல், வாய் ஜெட்டி. கூடவே ஒரு மிரட்டல்: "சாப்பிடாத பிள்ளையைக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க." இங்கே இதைச் சொல்லாத அப்பா அம்மா இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். யோசிக்காமல் வாயில் வந்தது.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஹாரனை நீளமாக ஊதினேன்.

சின்னவள் திரும்பினாள். என் சிவப்பு மூக்கைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்தாள்.

"கப்பல் வந்துருச்சு! ஜெட்டியைத் திற! சாப்பிட்டாத்தான் ஏத்துவாங்க!"

வாயைத் திறந்தாள். ஒரு கவளம். மறுபடி ஊதினேன். இன்னொன்று. மெல்லக்கூடப் பொறுமையில்லாமல் விழுங்கினாள். சாம்பார் சாதம் தீர்ந்தது. தயிர் சாதம் தீர்ந்தது. பாயசக் கிண்ணத்தை அவளே தூக்கிக் குடித்தாள். ஆபீசிலிருந்து வார்டன் மேடம் ஓடி வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். "பகவான்தான் உங்களை அனுப்பினாரு அண்ணே" என்று ஆயாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். வாழ்க்கையிலேயே சிறந்த பிறந்த நாள் என்று மனைவியிடம் வேறு சொன்னேன்.

சின்னவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை. ஒரு கவுன், சோப்பு டப்பா, நீள முடி ரெண்டு சிக்கிய சீப்பு. அது பெரியவளின் சீப்பு என்று ஆயாம்மா பிறகு சொன்னார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள். நேராக என்னிடம் வந்து, என் விரலைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

ஆயாம்மா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "இன்னிக்குக் கப்பல் இல்லடா மகளே. போய் உக்காரு, என் கண்ணுல்ல."

சின்னவள் தன் காலித் தட்டைக் காட்டினாள். பிறகு என்னைக் காட்டினாள். மறுபடி தட்டைக் காட்டினாள்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் என் வாய் அன்றைக்குத் தேடித் தேடிக் கொண்டுவந்தது ஒரே ஒரு வார்த்தையை. "நாளைக்கு" என்றேன். ஆயாம்மா கண்ணை மூடிக்கொண்டார். என் கையிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கேட் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். ஆட்டோவில் என் மனைவி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் மறுபடி போனேன். ஆஸ்பத்திரி, டியூப் என்று ஏதாவது சொல்வார்கள் என்று பயம்.

"சாப்பிடுறா அண்ணே" என்றார் ஆயாம்மா. "மூணு வேளையும். தட்டை வழிச்சுச் சாப்பிடுறா."

நான் சிரிக்கத் தொடங்குவதற்குள் அவர் முடித்தார். "சாப்பிட்டு முடிச்சு, தட்டை எங்ககிட்ட காட்டிட்டு, பையோட கேட்ல போய் உக்காந்துக்கிறா. மழை பேஞ்சாலும் எந்திரிக்க மாட்டேங்குறா."

வார்டன் மேடத்திடம் போனேன். என் செலவில், மனைவியோடு, நானே அவளைக் கப்பலில் கூட்டிப்போய்ப் பெரியவளைக் காட்டிக் கூட்டி வருகிறேன் என்றேன். அன்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். அனுமதி வாங்குவதுகூடப் பெரிதில்லை, அங்கே சின்னவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், இங்கே பெரியவளைத் திரும்ப வைத்துக்கொள்ள முடியாது என்று இந்தியில் நிதானமாகச் சொல்லிவிட்டு, "பார்த்த பிறகு இரண்டு பேரையும் பிரித்து இவளைத் திரும்பக் கப்பலில் ஏற்ற வேண்டும். அதை நீங்கள் செய்வீர்களா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள். சொல்லாவிட்டால் கேட்டில் காத்திருப்பாள். இல்லத்துக்காரர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்?

கிளம்பும்போது ஆயாம்மா பின்னாலேயே வந்தார். "கோபப்படாதீங்க அண்ணே, ஒண்ணு கேக்குறேன். வாரம் ஒருக்கா வந்து அந்த ஹாரனை ஊதிட்டுப் போங்க. மறந்துட்டான்னா மறுபடி வாயை மூடிக்குவா."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். தொப்பியும் மூக்கும் கிடையாது. உட்கார்ந்து ஊதுகிறேன், அவள் சாப்பிடுகிறாள், காலித் தட்டை என்னிடம் காட்டுகிறாள், நான் தலையாட்டுகிறேன். கல்யாண வீடுகளில் ஹாரன் ஊதச் சொல்லிக் கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறேன். தேறிவிட்டாள், பயமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். வாரத்துக்கு வாரம் அவள் கன்னம் பூசினாற்போல் ஆகிக்கொண்டு வருகிறது, அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற தைரியம்தான் எனக்கு இன்றுவரை வரவில்லை.