கதவை விட்டுப் போன எண்கள்

சிவசங்கரி எந்தக் கட்டிடத்துக்குள் போனாலும் முதலில் கதவோரப் பெயர்ப்பலகையைத்தான் தொட்டுப் பார்ப்பாள். கல்யாண மண்டபம், வங்கி, தாலுகா அலுவலகம், எதுவானாலும் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்துவாள். ஆடினால் முகம் சுருங்கும். ஒருமுறை வங்கி மேலாளரிடம், "உங்க பேரு ஆடுது சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சந்தவாசலில் வீடு. வேலூரில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் பத்து வருடம் இருந்துவிட்டு, இரண்டு வருடமாகத் தனியாகச் செய்கிறாள். புதிய கட்டிடத்தின் வரைபடத்தை வாங்கிக் கதவுகளை எண்ணுவாள். எந்தக் கதவுக்கு என்ன பலகை, தரையிலிருந்து எத்தனை உயரம், பலகையைப் பிடிக்க எந்த வகைச் சட்டம் என்று பட்டியல் போடுவாள். அதைப் பார்த்து பெங்களூர்க் கம்பெனி சரக்கை அனுப்பும். சட்டம் சுவரோடு நிற்கும். அறை மாறினால் உள்ளே இருக்கும் பலகையை மட்டும் மாற்றினால் போதும். பட்டியலின் கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது.

ஜவ்வாது மலைமேல் ஒரு அறக்கட்டளை கட்டிய மருத்துவமனைதான் அவளுக்குத் தனியாகக் கிடைத்த முதல் பெரிய வேலை. அது சரியாக வந்தால், மலையில் வரப்போகும் இன்னும் ஆறு கட்டிடங்களும் அவளுக்கே என்று அறக்கட்டளையின் பொறியாளர் அருள் சொல்லியிருந்தார்.

கம்பெனியில் இரண்டு வகைப் பலகைகள் இருந்தன. ஒன்று, சிறிய சாவி போட்டுக் கழற்றுவது. மற்றது, காந்தத்தில் நிற்பது, கையால் இழுத்தாலே வந்துவிடும். அவள் இரண்டாவதை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் 'சாவி தொலையும்' என்று போட்டாள். முன்பு ஒரு கட்டிடத்தில் சாவியைத் தொலைத்துவிட்டு, ஸ்குரூடிரைவரால் நெம்பி முப்பது பலகைகளை உடைத்திருந்தார்கள்.

மருத்துவமனை திறந்த ஒன்பதாம் நாள் அங்கிருந்து நர்ஸ் ஈஸ்வரி போன் செய்தாள்.

"சங்கரிக்கா, நெம்பர் போர்டுங்கள காணோம். பதினோரு கதவு மொட்டையா நிக்குது."

"கழண்டு வுழுந்துதா?"

"வுழுந்தா கீழ கெடக்கணுமே. நெம்பர வச்சி நான் இன்னா குழம்பா வைக்கப்போறேன்?"

சற்று நேரத்தில் அருள் அழைத்தார். "வியாழக்கிழமை மேலிடத்துலேர்ந்து பாக்க வர்றாங்க மேடம். திருட்டுன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. வாசல்ல ஒரு ஆளப் போட்டு, போறவங்க பையப் பாக்கச் சொல்லிடலாம். உங்க லிஸ்ட் மேல பழி வராது."

"பாத்துட்டு எழுதறேன் சார்."

"அங்க பாக்க இன்னா இருக்கு? காணாமப் போனதப் பாக்கப் போறீங்களா?"

செவ்வாய்க்கிழமை காலைப் பஸ்ஸில் மலையேறினாள். மடியில் மாதிரிச் சட்டங்கள் இருந்த பை. ஒரு பலகையை எடுத்து, முன் இருக்கைக் கம்பியில் ஒட்டுவதும் இழுப்பதுமாக இருந்தாள். காந்தம் வலுவாகத்தான் இருந்தது. கண்டக்டர் பார்த்துக்கொண்டே போனார். "யம்மா, கம்பியயும் கழட்டினு போய்டாத."

மருத்துவமனையில் உட்காரவே முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஏற்கெனவே அளந்த உயரத்தை மறுபடி அளந்தாள். நான்காம் எண் அறை காயத்துக்குக் கட்டுப் போடும் இடம். டாக்டர் இன்னும் வரவில்லை. இடது கையில் கட்டோடு ஒருவர் வந்தார். மூடிய கதவைப் பார்த்தார். சட்டத்திலிருந்து நான்கு என்ற பலகையை இழுத்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

"ஐயா, அத ஏன் எடுத்தீங்க?"

"நான்தானம்மா மொத ஆளு."

"அது ரூம் நெம்பரு."

"ஆமா. இந்த ரூமுக்குத்தான் வந்துக்கீறேன்."

அடுத்து ஒரு பெண் வந்தாள். வெறும் சட்டத்தைப் பார்த்துவிட்டு, "பில்லை யார் கையில?" என்றாள். அவர் தூக்கிக் காட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கடுத்து வந்தவன் அவள் பக்கத்தில். யாரும் கதவை மறித்து நிற்கவில்லை, சண்டையும் இல்லை.

அவர் பெயர் சின்னராசு. புளி உலுக்கும்போது கிளை கையைக் கிழித்துவிட்டது. அவர்தான் சொன்னார். சாமை குத்தும் மிசினில் ஆணியில் ஒரு தகரப் பில்லை தொங்கும். அதை எடுத்தவருக்கு அடுத்த முறை. மூட்டையை உள்ளே கொடுக்கும்போது பில்லையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

"கரண்டு போய்ட்டா?"

"பில்லையோட வூட்டுக்குப் போய்டுவோம். மறுநாளு வந்தா மொதல்ல நாமதான்."

டாக்டர் வருவதற்குள் வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் சாயங்காலம்தான். பெஞ்சில் பாதிப் பேர் எழுந்தார்கள். சின்னராசுவும் எழுந்து, நான்கைச் சட்டைப் பையில் செருகினார். அது பாதிதான் உள்ளே போனது.

"அதக் குடுத்துட்டுப் போங்க ஐயா."

"குடுத்துட்டா நாளைக்கி கடைசி ஆளா உக்காரணுமே."

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சிவசங்கரியின் கை அவர் பைப்பக்கம் நீண்டது. வாசலில் ஆள் போட்டால் முதலில் மாட்டுபவர் இவராகத்தான் இருப்பார். கையை எடுத்துக்கொண்டாள். அவர் வேகமாக நடந்து பஸ் ஏறினார்.

தன் பையிலிருந்த மாதிரிச் சட்டங்களில் சிறிய ஒன்றை எடுத்து, நான்காம் கதவின் பக்கத்தில் திருகினாள். அதில் எழுத்தில்லாத பலகை ஒன்றை மாட்டினாள். பிறகு பெஞ்சிலேயே கடிதம் எழுதினாள். 'திருட்டு இல்லை. பலகை வகையை நான் தவறாகத் தேர்ந்தேன்.' கூடவே புதிய பட்டியல்: கதவு எண்கள் சாவி வகை. ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் சிறிய சட்டம், அதில் பில்லையாகக் கையால் கழற்றும் வெற்றுப் பலகை. எண்ணிக்கை, கதவுக்கு இரண்டு. காரணம்: 'பஸ் வந்தால் ஒன்று வீட்டுக்குப் போகும்.'

அருள் அன்றே அழைத்தார். "யாராச்சும் தன் தப்ப தானே எழுதி அனுப்புவாங்களா? ஆறு கட்டிடம் மேடம்."

"பையச் சோதிச்சா அந்த ஜனம் திரும்பி வராது சார். போர்டுதான் இருக்கும்."

அவர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை அவளை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மூன்று முறை பஸ் நிறுத்தம் வரை நடந்து திரும்பினாள். மதியம் ஈஸ்வரி பேசினாள்.

"போனதுல எட்டு போர்டு திரும்பி வந்துட்டுதுக்கா. அவங்கவங்க கையில வச்சினு மொத ஆளா உக்காந்துட்டாங்க. வந்த ஆபீசருக்கு ஒண்ணும் புரியல. நீங்க மாட்டன வெத்துப் பலகைய எடுத்து அவரும் கையில வச்சினாரு. அவரத்தான் நாலாம் ரூமுக்கு அடுத்த ஆளுன்னு வழிவுட்டாங்க."

"திட்டினாரா?"

"தெரிலக்கா. சிரிச்சாரு. அப்புறம் அருள் சாரத் தனியா கூட்டினு போனாரு."

திங்கட்கிழமை அருள் அழைத்தார். குரலில் எதுவும் பிடிபடவில்லை. "ஒரு கட்டிடம் மட்டும் எடுத்துக்கங்க. மீதி அஞ்சு, அதப் பாத்துட்டுதான்."

மறுநாள் அவள் மலையில் அந்தப் புதிய இடத்துக்குப் போனாள். சுவர்கள் இடுப்பளவுதான் எழும்பியிருந்தன. கதவுகள் இருக்கப்போகும் இடைவெளிகளை எண்ணாமல், எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தாள்.

"இங்கேர்ந்து பஸ்ஸெல்லாம் எத்தன மணிக்கு?"

கடைக்காரர் சொல்லச் சொல்ல, புதிய பட்டியலின் முதல் வரியில் எழுதிக்கொண்டாள்.