ஞானம்மா பார்த்த பூநாரை

பாக்கியராஜ் திருவாலங்காடு ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தா. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை மெட்ராஸில் ஏலம் விட்டபோது, ஒரு பக்கம் கீறல் விழுந்த பைனாகுலர் ஒன்றை வாங்கி வந்தார். எதற்கு வாங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரியில் ஒரு கூழைக்கடா மீனை விழுங்குவதை அதன் வழியாகப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பைத்தியம் அது.

பழவேற்காட்டிலிருந்து கருவாடு ஏற்றி வந்து திருவள்ளூரில் இறக்கும் ஹனீப் என்ற வியாபாரியோடு அவருக்குச் சிநேகம். வேன் காலியாகத் திரும்பும்போது பாக்கியராஜும் ஏறிக்கொள்வார். எந்த ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னாலும் ஹனீப் நிறுத்துவார். கருவாட்டு நாற்றத்தோடு வீடு திரும்பி, பழவேற்காட்டு ஏரியில் நின்ற பூநாரைகளைப் பற்றி மனைவி ஞானம்மாவிடம் சொல்வார். ஆள் உயரம், ரோஜா நிறக் கால்கள், ஆயிரக்கணக்கில் நிற்கும் என்பார். அவள் முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. சாயங்காலப் பேச்சு என்றால் பெரும்பாலும் பறவைகள்தான்.

ஐம்பத்தொன்றில் மழை பொய்த்தது. அதற்கு முந்தைய வருஷங்களிலும் சரியாகப் பெய்யவில்லை. அந்த மார்கழியில் ஞானம்மாவுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இரண்டு பக்க நுரையீரலும் அரித்துவிட்டது, வீட்டிலேயே வைத்துக்கொண்டு பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்ன பிடிக்கும் என்று பாக்கியராஜ் கேட்டார். சோறு இறங்கவில்லை, அந்தப் பறவையை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாள் அவள்.

தை மாதத்தில் ஒரு நாள் ஹனீப் வேனின் பின்பக்கத்தைக் கழுவி, வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். மூவரும் விடியற்காலை கிளம்பினார்கள். பூண்டி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. அதில் எருமைகள் படுத்திருந்தன. ஒரே ஒரு சாம்பல் நாரை கரையில் நின்றது. ஊத்துக்கோட்டை தாண்டியபின் அதுவும் இல்லை. நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும் மரங்கள் இருந்த ஒரு ஏரியைக் காட்டுவதற்காகப் பாக்கியராஜ் நிறுத்தச் சொன்னார். ஏரி வெடித்துக் கிடந்தது. மரங்களை வெட்டிக் கரி சுட்டிருந்தார்கள்.

பொன்னேரிக்குப் போகும் வழியிலுள்ள ஆரணிக்குச் சற்று முன்னால் வேனை நிறுத்தி, பாக்கியராஜ் கரைமேல் ஏறிப் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். தூரத்தில் பனைமரங்களுக்கு அப்பால் ஏதோ அசைந்தது. பறவை இல்லை, ஜனங்கள். பெண்களும் கிழவர்களும் குண்டானும் சட்டியும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வேனைச் சூழ்ந்துகொண்டு கஞ்சி எங்கே என்று கேட்டார்கள். சர்க்காரின் கஞ்சி வண்டி வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது அந்த வண்டி இல்லை என்று ஹனீப் சொல்ல, அவர்கள் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வைக்கோலில் படுத்திருந்தவளைப் பார்த்ததும் விலகி நின்றார்கள். ஞானம்மா தனக்குக் கட்டிவந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அது யார் கைக்குப் போயிற்று என்று தெரியவில்லை.

வண்டி கிளம்பியதும் அவள் பைனாகுலரைக் காட்டி மெதுவாகச் சொன்னாள், "அத்த பைக்குள்ள வைங்க. அவங்க எதிர்ல அத்த வெச்சிப் பாக்காதீங்க."

பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். ஏரி வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பூநாரைகள் அடிவானத்தில் ஒரு வெளிறிய கோடாகத் தெரிந்தன. ஹனீப் தோணி கேட்டுப் பார்த்தார். முழங்கால் தண்ணீர்கூட இல்லை, தோணி தரைதட்டும் என்று தோணிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சேற்றில் நடக்க ஞானம்மாவால் முடியாது. பாக்கியராஜ் பைனாகுலரைக் கொடுத்தார். இருமல் வந்து கை ஆடியதில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கரையோரம் ஓலைக்குடிசை ஒன்று இருந்தது. வாசலில் முத்தம்மா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வயல்வேலை நின்றுபோய்ப் பிழைப்புத் தேடி அங்கே வந்தவள். அவள் பக்கத்தில், கயிற்றால் கால் கட்டிய ஒரு பூநாரை கிடந்தது. அதிகாலையில் அவள் கண்ணியில் சிக்கியது. ஞானம்மா அதன் அருகில் போய் உட்கார்ந்தாள். நீண்ட கழுத்தை மண்ணில் போட்டுக்கொண்டு அது மஞ்சள் கண்ணால் பார்த்தது. அவள் அதன் முதுகைத் தடவினாள்.

பாக்கியராஜ் மடியிலிருந்த பணத்தை எடுத்தார். அதை வாங்கி அவிழ்த்துவிடுவதாகச் சொன்னார்.

"துட்ட வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது?" என்றாள் முத்தம்மா. "கடையில அரிசி கீதா? உள்ள மூணு புள்ளைங்க கீதுங்க."

அவர் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஞானம்மா அவர் கையைப் பிடித்தாள். "வேணாங்க. புள்ளைங்க துன்னட்டும். நான்தான் பாத்துட்டேனே."

முத்தம்மா பறவையைத் தூக்கிக்கொண்டு குடிசைக்குப் பின்னால் போனாள். சத்தம் எதுவும் வரவில்லை. ஹனீப் போய் வண்டியைத் திருப்பினார்.

ஞானம்மா பங்குனியில் இறந்துபோனாள். கல்லறைத் தோட்டத்து மண் காய்ந்து இறுகியிருந்ததால், குழி வெட்டக் கடப்பாரை போடவேண்டியிருந்தது.

பாக்கியராஜ் அரக்கோணம் பார்சல் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே ஜன்னல் கிடையாது. பிறகு நல்ல மழை பெய்த ஒரு வருஷம் ஹனீப் தேடி வந்தார். ஏரிகள் நிரம்பிவிட்டன, கரை முழுக்கப் பறவை, ஒரு நாள் வாருங்கள் சார் என்று வற்புறுத்தினார். பாக்கியராஜ் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆரணிப் பக்கத்து ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். பாதிப் பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்றார் ஹனீப்.

சரி பாய் என்று சொல்லிவிட்டு, பாக்கியராஜ் பார்சல் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டப் போனார்.