சாட்சிக்குப் பிறகும் குளிசை

அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "புதுவருடம், வியாழன், காலை ஆராதனை. மழை." எழுத்து என்னுடையது. முன்புறத்தில், உன்னைச் சுகப்படுத்துவேன் என்று ஆண்டவர் வாக்களிக்கும் ஒரு வேதவசனம் அச்சிடப்பட்டிருக்கிறது. இதே அளவில், பின்புறம் இதே குறிப்போடு, இன்னோர் அட்டையும் என்னிடம் உண்டு. அதில் இருப்பது வேறு வசனம். தண்ணீரைக் கடக்கும்போது கூட இருப்பேன் என்பது அதன் பொருள்.

கல்முனையில் எங்கள் சிறிய சபையில் வருடத்தின் முதல் ஆராதனையன்று இந்த வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்துச் சுற்றி அனுப்புவார்கள். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததை மாற்றக் கூடாது. அந்த வசனம் அந்த வருடம் முழுவதும் எடுத்தவருக்கு உரியது என்பது வழக்கம். படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். நானும் நிறையப் படித்தவன்தான். ஆனாலும் தட்டு எங்கள் வரிசைக்கு வரும்போது நெஞ்சு சற்று வேகமாக அடிக்கும்.

இதை எழுதுவது, நீண்ட நாள் மருந்து தேவைப்படும் ஒரு நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக. குறிப்பாக, ஜெபிக்கிற வீட்டாருக்காக.

என் மனைவி கிரேஸ் பாலர் பாடசாலை ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிறுபோக அறுவடை முடிந்து, வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வீதியை அடைத்துக்கொண்டு போகும் காலத்தில், ஒரு திருவிருந்து ஞாயிறன்று நோய் முதலில் தன்னைக் காட்டியது. எல்லோரும் முழந்தாளிட்டு அப்பமும் திராட்சரசமும் பெற்றோம். எல்லோரும் எழுந்தோம். அவள் எழவில்லை. ஜெபம் நீள்கிறது என்று நினைத்தேன். பின்னால் அடுத்த வரிசை காத்து நின்றது. தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"இஞ்சேருங்க, எழும்ப ஏலாம கிடக்கு."

குழந்தைகளின் சின்னக் கதிரைகளோடு (நாற்காலிகளோடு) நாள் முழுவதும் குனிந்து நிமிர்கிற வேலை. அதனால் வந்த பிடிப்பு என்று எடுத்துக்கொண்டோம். எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம். மாலைகளில் மெல்லிய காய்ச்சல் வந்தது. சட்டைகள் அவளுக்குத் தொளதொளவென்று ஆயின. அந்த இரண்டையும் முதுகுவலியோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. இதைப் படிப்பவர்களுக்குத் தோன்ற வேண்டும்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலின் உட்பகுதியைப் படம் பிடிப்பது), பிறகு பயொப்சி (ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது). முடிவு வந்தபோது மாரி தொடங்கியிருந்தது. முதுகெலும்பில் காசநோய்.

"எனக்கு இருமலே இல்லையே, டொக்டர்?" என்றாள் கிரேஸ்.

வைத்தியர் இளம் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு எலும்புகள் அரித்துப்போயிருந்த இடத்தைக் காட்டினார். "ரீ.பி. நெஞ்சுக்கு மட்டும்தான் வரணும் எண்டு இல்ல, அம்மா. உங்களுக்கு எலும்பில வந்திருக்கு. இது மற்றவங்களுக்குத் தொத்தாது, பயப்பட வேணாம். ஆனா ஒரு வருஷம் குளிசை போடணும். ரெண்டு மூணு மாசத்தில நோவு போயிரும். அப்பதான் கவனமா இருக்கணும்."

கடைசி வாக்கியத்தை நான் கேட்டேன். அவளும் கேட்டாள். நோவு போகும் என்பது மட்டும்தான் எங்கள் இருவர் மனதிலும் தங்கியது.

மார்புநோய்க் கிளினிக்கில் குளிசைகள் தந்தார்கள். அவற்றில் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். முதுகை நிமிர்த்திப் பிடிக்க ஒரு கடினமான பட்டியும் கட்டினார்கள். சபைப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். ஜெபித்தார்கள், முற்றம் கூட்டினார்கள், மீன் குழம்பு வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் எங்களைத் தாங்கியது அவர்கள்தான். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்வது நியாயமல்ல.

புதுவருடத்துக்குள் நோவு போய்விட்டது. அன்று காலை மழையில் நடந்தே கோவிலுக்கு வந்தாள். தட்டு வந்தது. அட்டையிலிருந்த வசனம் வாசிக்கப்பட்டது. சாட்சி சொல்ல விரும்புபவர்கள் முன்னே வரலாம் என்று போதகர் அழைத்தபோது கிரேஸ் எழுந்து போனாள். அட்டையை உயர்த்திப் பிடித்து, ஆண்டவர் தன்னைச் சுகப்படுத்திவிட்டார் என்றாள். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன். போதகர் நன்றி ஜெபம் செய்தார்.

மறுநாள் காலை தண்ணீரோடு குளிசையை நீட்டினேன். கிளாசை மட்டும் வாங்கினாள்.

"குளிசை வேணாம்."

"ஏன்?"

"சபைக்கு முன்னால சுகமாயிட்டன் எண்டு சொல்லிப்போட்டு வீட்ட வந்து குளிசை போட்டா நான் ஆரு? பொய்க்காரி."

"வைத்தியரும் ஆண்டவருடைய ஆள்தானே."

"அத நேத்து அல்லேலூயா சொல்ல முன்னம் யோசிச்சிருக்கணும்" என்றாள், தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

பட்டியைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். போதகரிடம் போனேன். மருந்தை நிறுத்தச் சொல்லித் தாம் சொல்லவில்லையே என்று அவர் பதறி வீட்டுக்கு வந்தார். கிரேஸ் அவருக்குத் தேநீர் கொடுத்தாள். "ஐயா, நீங்கதானே நன்றி சொல்லி ஜெபிச்சீங்க. நன்றி சொன்னதுக்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிறதா?" என்றாள். அவர் கையில் தேநீர் ஆறியது.

கிளினிக்குக்குப் போகாததால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சாய்ந்தமருதைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ரீச்சர், ஒண்டு கேப்பன், கோவிக்கப்படாது. மூத்திரம் என்ன நிறம்?"

"ஆண்டவன் எல்லாருக்கும் குடுத்த நிறந்தான்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப குளிசை போடல்ல. ரீச்சர், இதப் பாதியில விட்டா கிருமி மருந்துக்குப் பழகிரும். முதுகில வாறது பிறகு ரெண்டு காலையும் புடிச்சிரும்."

"எனக்காக நீங்களும் துஆ கேளுங்க, தம்பி" என்று வாசல்வரை போய் அனுப்பிவைத்தாள். அவர் மறுபடியும் வந்தார். அதே பதில்தான்.

அந்த வாரங்களை எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். நான் அவள் நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் ஜெபம், ஆண்டவரே அவள் சொன்னதை மெய்யாக்கும் என்பதா, அல்லது அவளைப் பொய்யாக்கியாவது காப்பாற்றும் என்பதா? இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

இந்த வருடம் எங்கள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் முஸ்லிம் அயலவரின் நோன்புத் தலைப்பிறையும் சேர்ந்தாற்போல் வந்தன. அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ரமீஸா, கிரேஸின் சிநேகிதி. மருதமுனையில் கைத்தறிச் சாரம் (லுங்கி) எடுத்து விற்பவர். சீனி வருத்தம் (நீரிழிவு) கடுமையாகி ஊசி போடுகிறவர் என்பதால் நோன்பு பிடிக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வீட்டில் மருமகள் உட்பட எல்லோரும் நோன்பு. அவர்கள் முன்னால் சோறு தின்ன அவருக்குக் கூச்சம். ஆகவே பகலில் ஊசியோடும் சோற்றுப் பெட்டியோடும் எங்கள் குசினிக்கு வந்துவிடுவார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வாங்கில் (பெஞ்சில்) உட்கார்ந்து சாப்பிடுவார்.

"ஆரும் வந்தா ரீச்சர்தான் தின்றாங்க எண்டு சொல்லிருங்க" என்பார்.

"நாங்களும் தவக்காலம். நானும் ஒருநேரச் சாப்பாடுதான்" என்பாள் கிரேஸ்.

"அப்ப சேர் தலையில போடுங்க. ஆம்புளயள் எப்பவும் தின்றதுதானே!" என்று என்னைக் காட்டிச் சொல்வார்.

ஒரு நாள் கிரேஸ் குழாயடியிலிருந்து தண்ணீர்ச் சட்டியோடு முற்றத்தைக் கடந்து குசினிக்குள் வந்தாள். நான் வாசல்படியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். ரமீஸா வெளியே எட்டிப் பார்த்தார்.

"ரீச்சர், ஒங்கட இடக்கால் செருப்பு அங்க கிடக்கு."

மணலில் பாதி வழியில் செருப்பு கிடந்தது. கிரேஸ் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். அது வெறுங்காலாக இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

ரமீஸா கையைக் கழுவிவிட்டுப் போய்ச் செருப்பை எடுத்துவந்தார். வாங்கில் இருத்தி, பாதத்தில் மாட்டிவிட்டு, கால்விரலை அழுத்தினார். "தொடுறது வெளங்குதா?"

"இல்ல."

"இது?"

"இல்ல, ரமீஸா."

ரமீஸா பாதத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்: "நான் இஞ்ச வந்து ஒளிச்சித் தின்றது மனிசருக்கு வெக்கத்தில. அல்லாஹ்வுக்கு ஒளிக்கயில்ல. ஏலாதவன் நோம்ப விட்டுட்டு மருந்த எடு எண்டு சொன்னதும் அவன்தான். நீங்க ஆருக்கு வெக்கப்படுறீங்க, ரீச்சர்?"

கிரேஸ் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "அலுமாரிக்கு மேல இருக்கிற பட்டிய எடுங்க. ஓட்டோவுக்குச் சொல்லுங்க."

சோற்றுப் பெட்டியைப் பாதியில் மூடிவிட்டு ரமீஸாவும் கூட வந்தார்.

மட்டக்களப்பில் அதே வைத்தியர். ஏசுவார் என்று நினைத்தோம். ஏசவில்லை. ஊசிமுனையால் கால்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். சீழ் சேர்ந்து முண்ணாணை (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) அழுத்துகிறது என்றார். மருந்தைத் திரும்பத் தொடங்குவோம், கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா என்று சோதிப்போம், கால் இன்னும் தளர்ந்தால் சத்திரசிகிச்சை என்றார். நடை முழுதாகத் திரும்புமா என்று கேட்டேன். "இப்ப சொல்ல ஏலாது" என்றார்.

கிரேஸ் கேட்டது வேறு. "டொக்டர், நான் சபையில பொய் சொல்லிட்டனா?"

அவர் கோப்பை மூடினார். "நோவு போனது பொய்யில்லயே, அம்மா. முடிய முன்னம் முடிஞ்சது எண்டு சொல்லிட்டீங்க. கோயில் பக்கமே போகாதவங்களும் இதத்தான் செய்றாங்க. அவங்க மைக்கில சொல்றதில்ல, அவ்வளவுதான்."

வார்டில் முதல் காலை தாதி குளிசைகளைக் கொடுத்தார். கிரேஸ் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சோற்றுக்கு முன்னால் செய்வதுபோலக் கண்ணை மூடினாள். தாதி பொறுமையாகக் காத்து நின்றார். இப்போதும் வீட்டில் அப்படித்தான். நீண்ட ஜெபமல்ல, இன்றைக்குரியதைத் தந்ததற்கு நன்றி என்று ஒரு வரி. விசுவாசம் என்பது ஒருநாள் மைக்கின் முன் நிற்பது என்றுதான் நாங்கள் பழகியிருந்தோம். தினமும் கசப்பை விழுங்குவதிலும் அது இருக்கக்கூடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கிருமி மருந்துக்குப் பழகவில்லை என்று முடிவு வந்தது. சத்திரசிகிச்சையும் தேவைப்படவில்லை. நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பம் என்னும் இனிப்போடு ரமீஸா வார்டுக்கே வந்தார்.

உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) கழிந்து வீடு திரும்பினோம். அடுத்த ஞாயிறு கிரேஸ் சபையில் பேச அனுமதி கேட்டாள். எங்கள் சபையில் சாட்சி சொல்வதற்கு வழக்கம் உண்டு. சொன்ன சாட்சியைத் திருத்துவதற்கு வழக்கமில்லை. போதகர் ஒரு கணம் யோசித்துவிட்டு முன்னே கதிரை போடச் சொன்னார். சேலைக்கு மேலாகவே பட்டியைக் கட்டியிருந்தாள்.

"நான் அண்டைக்குச் சொன்னது அவசரப்பட்டுப்போச்சு. எனக்கு இன்னும் சுகமாகல்ல. குளிசை போடுறன். இடக்கால் சரியா விளங்கல்ல. நீங்க ஜெபிக்கிறத நிப்பாட்டிராதீங்க. நானும் அவரை நம்புறத நிப்பாட்டல்ல."

அல்லேலூயா வரவில்லை. ஒரு குழந்தை அழுதது. சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். முன்னே அவள் தனியாக இருப்பதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

ஆராதனை முடிந்தபின், கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி எல்லோரும் போகும்வரை காத்திருந்து கிட்ட வந்தார். காதோடு கேட்டார்: "ரீச்சர், அந்தக் கிளினிக் என்ன கிழமை?" யாருக்காக என்று கிரேஸ் கேட்கவில்லை. கிழமையைச் சொன்னாள்.

இன்று அவள் ஒரு கைத்தடியோடு நடக்கிறாள். இடது பாதம் மணலை இலேசாக இழுக்கிறது. மண் சூடா குளிரா என்று அதற்குத் தெரியாது. செருப்பைப் பின்பக்கம் பட்டி வைத்து வாங்கியிருக்கிறோம். திருவிருந்து அன்று அவள் முன் வாங்கில் இருக்கிறாள். போதகர் அப்பத்தை அங்கே கொண்டுவருகிறார். நான் முழந்தாளிடும்போது, எழும்புவது என்பது ஒவ்வொரு முறையும் எனக்குத் தரப்படுகிற ஒன்று என்று என் முழங்கால்களுக்குத் தெரிகிறது.

ஊரின் வெள்ளங்களுக்கும், கிணறுகள் உவர்த்த ஆண்டுகளுக்கும், ஞானஸ்நானங்களுக்கும் திகதி குறித்து வைப்பவன் நான். அவள் சுகமடைந்த நாள் என்று எந்த நாளுக்கு எதிரே எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். மருந்து முடிய அடுத்த தவக்காலமாகலாம். அதன் பிறகும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று நிச்சயப்படாமல் இருக்கிறது. புதுவருடத்தன்று தட்டு வந்தபோது நான் ஈரக் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்குமாகக் கிரேஸே இரண்டு அட்டைகளை எடுத்தாள். கண்ணாடி கொண்டுவராததால் இரண்டையும் என்னிடம் தந்தாள். நான் வாசித்தேன், பின்புறம் குறிப்பெழுதினேன், சுகப்படுத்துவேன் என்ற அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அதுதான் அவள் தனக்கென்று எடுத்ததா, அல்லது அவளுக்கு வந்தது தண்ணீரைக் கடப்பதைப் பற்றிய மற்றதா என்று நான் பார்க்கவில்லை. தட்டுப் பிடித்த பெண்ணிடம் கேட்டேன், நினைவில்லை என்றார். கிரேஸிடம் கேட்டேன். "கண்ண மூடிக்கொண்டுதானே எடுத்தன்" என்றாள். எந்த அட்டை யாருடையது என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.