யாருக்குப் போற சுமை?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மகனோடு காரில் போனேன். சுங்கச்சாவடியில் கார் நிற்கக்கூட இல்லை. கொஞ்சம் மெதுவாகப் போனோம், கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து எங்கோ ஒரு 'பீப்', தடுப்பு மேலே போய்விட்டது. மகனின் செல்போனில் பணம் எடுத்த செய்தி வந்தது.

"மறுபடியும் ஏத்திட்டாங்கப்பா. பெட்ரோலுக்கு ஒரு பக்கம், ரோட்டுக்கு ஒரு பக்கம். யாரைப் போய்க் கேக்கறது?" என்றான்.

கூண்டுக்குள் இருந்த பெண் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாழை இலையில் மடித்த இட்லியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கார்க் கண்ணாடி மூடியிருந்தது. வாசனை வர வழியில்லை. ஆனாலும் எனக்கு வந்தது. இலை அறுத்துப் பிழைத்தவன் மூக்கு அப்படித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் எனக்குத் திருவெள்ளறைப் பக்கம் கொஞ்சம் வாழை இருந்தது. விடியும்போது இலை அறுத்து, கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து ஸ்ரீரங்கத்துச் சந்தைக்குக் கொண்டுபோவேன். வாழைச்சாறு பட்ட வேட்டியை எந்தச் சோப்பும் வெளுக்காது. என் மைத்துனன் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவன். அவன் வேட்டியில் எண்ணெய்க் கறை, என் வேட்டியில் இலைக் கறை. "அவன் கறைக்கு மாசமானா சம்பளம் வருது. உங்க கறைக்கு?" என்று என் மனைவி பங்கஜம் கேட்பாள். துவைக்கிறவளுக்குக் கேட்க உரிமை உண்டு.

கொள்ளிடம் தாண்டி ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு மூங்கில் தடுப்பு இருந்தது. சந்தைக்குப் போகும் சுமைக்கு அங்கே சுங்கம். வசூல் உரிமையை வருடா வருடம் யாராவது ஏலம் எடுப்பார்கள். எடுத்தவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் மாணிக்கண்ணனைத்தான். பாலக்கரைக்காரர், கூலிக்குத் தடுப்பு தூக்குகிறவர். ஏற்றுவது எவனோ, ஏச்சு வாங்குவது இவர்.

கோயிலுக்குப் போகும் சுமைக்கும், வீட்டு விசேஷத்துக்குப் போகும் சுமைக்கும் காசு கிடையாது. அதனால் மாணிக்கண்ணன் எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்பார்: "யாருக்குப் போற சுமை?" பதில் சொன்னால் போதும். அவிழ்த்துப் பார்க்க மாட்டார்.

ஒரு புரட்டாசியில் சுங்கத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார்கள். அரிசியும் கிடைக்காத காலம் அது. கிடைத்தால் விலை கேட்டு மயக்கம் வரும். தடுப்பின் முன்னால் ஒரே கூச்சல். கீரைக்காரச் செல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"நாளைக்கு மூச்சு விடறதுக்கும் காசு கேப்பீங்களாய்யா?"

"ஆமாக்கா. பெருமூச்சுன்னா ரெண்டு மடங்கு" என்றார் மாணிக்கண்ணன்.

"உன் வாயில கொள்ளிடத்து மண்ணைப் போட!"

"போடுங்க. ஆனா அது சுமைக் கணக்கில வரும், பாத்துக்கங்க."

கூச்சல் போட்ட கூட்டமே சிரித்துவிட்டது. சிரித்துக்கொண்டே, திட்டிக்கொண்டே கட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அரிசிப் பானை காலி. இலையை விற்று அரிசி வாங்கி வருவேன், மத்தியானம் உலை வைக்கலாம் என்று பங்கஜத்திடம் சொல்லியிருந்தேன். புதுச் சுங்கம் கட்டினால் அந்த அரிசியில் ஒரு கை குறையும். என் முறை வந்தது.

"தம்பி, யாருக்குப் போற சுமை?"

"பெருமாளுக்கு" என்றேன்.

அன்று சனிக்கிழமை. புரட்டாசிச் சனிக்கிழமை. நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னேன். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

மாணிக்கண்ணன் தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இலைக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மடியிலிருந்து ஒரு கற்பூரப் பொட்டலம் எடுத்து, என் கட்டின் நாரிலேயே செருகி முடிச்சுப் போட்டார்.

"சின்னவளுக்கு நாலு நாளா காய்ச்சல். எனக்குத் தடுப்பை விட்டு நகர முடியல. இதையும் சேத்துக் கொடுத்துடுங்க தம்பி. இலையோட போனா அவர் கேப்பார்."

தடுப்பு மேலே போனது. கொஞ்ச தூரத்தில் பாதை பிரியும். ஒன்று சந்தைக்கு, ஒன்று கோயிலுக்கு. அங்கே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கற்பூரத்தை மட்டும் கொடுத்துவிட்டு இலையை விற்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை. 'இலையோட போனா' என்றாரே. ரெங்கா, நீ இப்படியா வசூல் பண்ணுவாய் என்று முனகிக்கொண்டே கோயில் பக்கம் திருப்பினேன்.

மடைப்பள்ளிப் பெரியவர் கட்டைப் பார்த்து, "பேஷ்! கூட்டத்துக்கு இலை போதாதுன்னு தவிச்சுண்டிருந்தோம். க்ஷேமமா இருங்கோ" என்றார். என் இலையிலேயே ஒன்றை எடுத்து, கை நிறையப் புளியோதரை மடித்துத் தந்தார்.

திரும்பும்போது மாணிக்கண்ணன், "கொடுத்தாச்சா?" என்றார். "கொடுத்தாச்சு" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே மெய்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். பங்கஜம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிறகு, "ஒரு கை அரிசி மிச்சம் பிடிக்கப் போயி முழுக் கட்டையே சுங்கமாக் கட்டிட்டு வந்தீங்களாக்கும்" என்றாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. இரண்டு பேரும் அந்த இலையிலேயே சாப்பிட்டோம். மறுநாள் அண்டை வீட்டில் கேழ்வரகு கைமாற்று வாங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை மாணிக்கண்ணன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "காய்ச்சல் விட்டுடுச்சு தம்பி!" என்று கத்தினார். எனக்குத் தாங்கவில்லை. சைக்கிளை நிறுத்தி, "அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது பொய். அது சந்தைக்குப் போற சுமை" என்றேன்.

"தெரியுமே" என்றார்.

"எப்படிண்ணே?"

"சந்தைக்குப் போற கட்டுலதான் வெயில் படாம மேலே சருகு சுத்துவீங்க. சாமிக்குப் போற இலையில யாராச்சும் காஞ்ச சருகைச் சுத்துவாங்களா? சும்மா விட்டா உங்க மனசு உங்களைத் தின்னுடும். பொண்ணுக்கும் நிஜமா காய்ச்சல். அதான் முடிச்சுப் போட்டேன்."

பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கையை நீட்டினார். "இன்னிக்கும் சருகு தெரியுது. எடுங்க காசை."

அந்த மூங்கில் தடுப்பு எப்போது போனது என்று நினைவில்லை. மாணிக்கண்ணனும் போய்விட்டார், பங்கஜமும் பெருமாள் திருவடி சேர்ந்தாள். சுங்கம் மட்டும் அன்று போலவே ஏறிக்கொண்டிருக்கிறது. என் மகனும் ஏசுகிறான், பாவம், காருக்குள் தனியாக. அவன் வாய்க்கு எதிர்வாய் கொடுக்க ஆள் இல்லை. எங்கே போகிறாய், யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்கவும் ஆள் இல்லை.

அன்று கார் டிக்கியில், கல்யாண வீட்டுக்காக எங்கள் கொல்லையில் அறுத்த ஒரு கட்டு இலை இருந்தது. வீட்டு விசேஷத்துக்குப் போகும் சுமை. இந்த முறை பொய் சொல்லவே வேண்டியிருந்திருக்காது.