குழந்தையின் தலையில் ஒரு புள்ளி

மகள் மஸ்கட்டிலிருந்து ஸ்கேன் படம் அனுப்பியபோது நான் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஐந்தாம் மாதம். ‘எல்லாம் நல்லாயிருக்கு’ என்று கூடவே எழுதியிருந்தாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முகம் என்று சொல்ல எதுவுமே இல்லை. உருண்டையாக ஒரு தலை, அதன் நடுவில் மிளகு அளவுக்குக் கருப்பாக ஓர் ஓட்டை. பெரிதாக்கிப் பார்க்கக் கை வரவில்லை. பார்த்தால் உண்மையாகிவிடும் என்று பயம்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். டாக்டர் மகளிடம் மறைத்துவிட்டார் என்றுதான் மனது ஓடியது. எங்கள் சபையில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் பெண்கள் ஜெப வாட்ஸப் குழுவில் போடுவோம். விசாரிப்பதெல்லாம் பிறகு. மகளின் குழந்தைக்குத் தலையில் ஓட்டை, எல்லாரும் ஜெபியுங்கள் என்று அழுதபடியே பேசி அனுப்பினேன்.

அதைக் கேட்ட அடுத்த வீட்டுக்காரி ஈரக்கையோடு ஓடி வந்தாள். போனை வாங்கித் திருப்பிப் பிடித்தாள்.

“படம் தலைகீழா வந்திருக்கு எக்கா. இப்பம் பாருங்க.”

நெற்றி, மூக்கு, பிதுங்கிய உதடு. அவ்வளவு நேரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. மூக்கு அப்படியே மருமகனுடையது. எனக்குப் பயம் கூடியது. முகம் தெரியாதவரை அது படம்; இப்போது பிள்ளை.

“ஓட்ட எங்க?”

காட்டினேன். அவள் படத்தை விரலால் தள்ளினாள். தலை நகர்ந்தது. ஓட்டை நகரவில்லை.

“ஒங்களுக்குக் கிறுக்காக்கும்! இது பிள்ளைக்க தலையில இல்ல, போனுக்க டிஸ்பிளேயில உள்ளதாக்கும். அண்ணைக்கு பூவார் போனப்பம் படகுக்குள்ள போனக் கீழ போட்டியள்லா?”

ஆமாம், அன்றைக்கு விழுந்த புள்ளிதான். வெளிச்சமான படங்களில் அது போனுடையது என்று தெரியும். கருப்புப் படத்தில் பிள்ளையோடு சேர்ந்துவிட்டது.

குழுவில் போட்டதை அழிக்கப் போனேன். அதற்குள் மகளே கூப்பிட்டுவிட்டாள். மருமகனின் சித்தியும் அந்தக் குழுவில் உண்டு.

“அம்மா, டாக்டர் எங்கிட்ட சொல்லாதத ஒங்ககிட்ட ஆரு சொன்னா?”

போன் விழுந்தது, புள்ளி, தலைகீழ்ப் படம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரியும் போனை வாங்கிச் சொன்னாள். மகள் சிரிக்கவில்லை.

“அப்பம் இன்னொருக்க ஸ்கேன் எடுக்கட்டா?”

புள்ளி அசையாமல் நின்றதை என் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும், வேண்டாம் மக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.