ரத்தத்தில் இல்லை என்றார்கள்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். டைல்ஸ் பதிப்பது தொழில். தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டக் கட்டை எப்போதும் அவர் கையில் இருக்கும். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக் கூடத்திலும் அதை வைத்துப் பார்த்து, "அரை நூல் இறக்கம் இருக்கு" என்றவர். பெண்ணைக் கொடுத்த வீட்டிலேயே குறை கண்டுபிடித்த மாப்பிள்ளை என்று அவரோடு வேலை செய்யும் மைத்துனன் இன்றும் கேலி செய்வான்.

டைல்ஸ் கல் பெட்டியோடு படியில் சறுக்கி விழுந்ததில் அவர் முதுகு போனது. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரை வலி போன பிறகும் போகவில்லை. அது கிடைக்காத நாட்களில் கூட்டாளி ஒருவன் போதை ஊசி பழக்கிவிட்டான். ஒரே ஊசி கைமாறியது. எச்.ஐ.வி. வந்த வழி அதுதான். தையல் ஆலையில் காலர் தைக்கும் அவர் மனைவி சேதி கேட்ட அன்றே தானும் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்கு இல்லை.

அன்றோடு ஊசியை விட்டார். எச்.ஐ.வி. மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினார். ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று பரிசோதனை முடிவு வந்தபோது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தார். வலி மாத்திரையை மட்டும் விடவில்லை. ஊசிதான் தப்பு, மாத்திரை மருந்துதானே என்று தனக்குத் தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டார்.

பிறகு வயிறு மக்கர் செய்ய ஆரம்பித்தது. நாலு வாய் சாப்பிட்டாலே கல்லாகிவிடும், வெளிக்குப் போக நாலைந்து நாளாகும். சாயங்காலமானால் உடம்பு சுடும், விரல் முட்டிகள் குடையும். எடை இறங்கி, கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது.

"ஊருக்கெல்லாம் கக்கூஸ் கட்டிக் குடுக்கறீங்க மாமா. உங்களுக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்ல" என்றான் மைத்துனன்.

அவரும் சிரித்தார். சிரித்த வாரமே, ஒரு விடுதியின் குளியலறையில் பாதிச் சுவர் பதித்திருக்கையில் பச்சையாக வாந்தியெடுத்துச் சாய்ந்தார். வயிறு பறை போல் விறைத்திருந்தது. சிமெண்ட் கையோடு மைத்துனன் அவரை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நரைத்த தலையோடு வந்த டாக்டரம்மா எக்ஸ்ரே படம் பார்த்துவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்தார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"எச்.ஐ.வி. மாத்திரை மட்டும்தான் டாக்டர்."

"வலி மாத்திரையும் சாப்பிடறாரு. நிறைய" என்றாள் கால்மாட்டில் நின்ற மனைவி.

அவர் மனைவி பக்கம் தலையைத் திருப்பினார். "உனக்கு எப்படி..."

"பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு மாத்திரை அட்டையைப் பிரிக்கறீங்க. ஆலையில அத்தனை மெஷின் ஓடறப்பவே எனக்கு ஒரு ஊசி முனை முறியற சத்தம் கேக்கும். இது கேக்காதா?"

"ஒரு தடவைகூட நீ கேக்கலையே."

"கேட்டா பொய் சொல்வீங்க. அதைக் கேக்கற தெம்பு எனக்கு இல்ல."

டாக்டரம்மா இருவரையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அந்த மாத்திரை வலியை மட்டும் அடக்கல. குடலையும் சேர்த்துத் தூங்க வச்சிருச்சு. உள்ள போனது நகரவே இல்ல."

"அவ்வளவுதானே டாக்டர்?"

"அவ்வளவு மட்டும் இல்ல. உடம்போட காவல் செல்கள்ல பெரும்பங்கு குடல்லதான் இருக்கு. எச்.ஐ.வி. உள்ள நுழைஞ்ச முதல் சில வாரத்துலயே அங்கதான் பெருசா அழிக்கும். அப்புறம் மருந்து வைரஸை அடக்கிடும். ஆனா குடல் சுவர் நிறைய பேருக்கு முழுசா தேர்றதில்ல. அது வழியா கிருமித் துணுக்குங்க ரத்தத்துல கசியும். உடம்பு ஓயாம அதோட சண்டை போடும். அழற்சின்னு சொல்றது அதைத்தான். வலி மாத்திரை அந்தச் சுவரை இன்னும் நைய வைக்கும், குடல்ல இருக்கற நல்ல கிருமிகளையும் கெடுக்கும். உங்க காய்ச்சல், முட்டி வலி, எடை குறைஞ்சது, எல்லாத்துலயும் இதுக்குப் பங்கு இருக்கலாம். இப்படியே விட்டா இதயத்துக்கும் ஆபத்து."

"ரத்தத்துல இல்லன்னாங்களே."

"தென்படாத அளவுக்குக் குறைஞ்சிருக்குன்னு சொல்லியிருப்பாங்க. அதுவே பெரிய விஷயம். அந்த மருந்தை ஒரு நாளும் விட்டுடாதீங்க."

அவர் உடைத்த பழைய குளியலறைகள் நினைவுக்கு வந்தன. வெளியே கல் பளபளக்கும். பெயர்த்தால் பின்னால் சுவர் ஊறிப் போயிருக்கும். ஆனால் அவரைத் திகைக்க வைத்தது அதுவல்ல. முதல் சில வாரம். அப்போது ஒரு காய்ச்சல் வந்ததே, மழையில் நனைந்ததென்று கஷாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போனாரே. அவர் சிரித்துப் பேசி, மனைவி கையால் வாங்கிச் சாப்பிட்ட அந்த நாட்களில்தான் உள்ளே எல்லாம் சூறையாடப்பட்டிருந்தது. நோய் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அவர் தன் வயிற்றை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். தொடப் பயமாக இருந்தது.

"வலி மாத்திரையை இன்னைக்கே விட்டுடறேன்" என்றார்.

"தடால்னு விட்டா தாங்க மாட்டீங்க. மாத்து மருந்து குடுத்து, எங்க மேற்பார்வையில கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம்."

கத்தி வைக்காமலே குடல் அசைந்தது. வீடு திரும்பிய பின் தினமும் காலையில் மருத்துவமனைக்குப் போய், நாக்கடியில் மாற்று மருந்தைக் கரைத்துக்கொண்டு அங்கிருந்தே வேலைக்குப் போனார். ஒரு முறை சறுக்கினார். வேதனை பொறுக்காமல் வலி மாத்திரை ஓர் அட்டை வாங்கி, இரண்டு போட்டும்விட்டார். அன்று மனைவி ஆலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் தானே சொன்னார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, "காலைல டாக்டர்கிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

மாதங்கள் போயின. உடம்பில் சதை பிடித்தது. அழற்சியைக் காட்டும் பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது, ஆனால் சரியாகிவிடவில்லை. முழுசாக இறங்குமா என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது" என்றார் டாக்டரம்மா. அந்த நேர்மை அவரை மறுபடி ஆட்டிவிட்டது.

திரும்பும் பேருந்தில் மனைவியிடம் கேட்டார்: "பயமா இருக்கா?"

"இருக்கு. முன்னெல்லாம் சாப்பிட்டீங்களான்னு கேப்பேன். இப்ப வெளிக்குப் போனீங்களான்னு கேக்கறேன்."

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"போனேன்" என்றார் அவர், அந்த ஆளுக்கும் கேட்கும்படியாக.